ஆக்டிவ்

கொழும்புக் கம்பெனி அனுப்பிய படிவத்தில் பதினொரு கேள்வி.
முதலாவது: உங்கள் தன்னாட்சி எண்?
எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லை
இவ்வளவு சாதாரணமாய் யாரும் கேட்டதில்லை.
ஆறு இலக்கம். எழுதிவிட்டேன்.

மறுகா, எங்களிடமிருந்து என்ன வேண்டும்?
உலகத்தின் எல்லா வழிகளுமா,
இல்லை ‘தெரியாததை எங்களிடம் தா’ என்ற
ஒற்றை வழியா?
எல்லாம் என்று லோகிதன் எழுதினான்.
நான் வெட்டினேன்.
எங்கள் றவுட்டர் பழசு.
பத்து லட்சம் வழியை மனதில் வைத்தால்
அதற்குக் காய்ச்சல் வரும்.

நாங்கள் அறிவிக்கப்போகும் முகவரிகள் எங்களுடையவைதான் என்று
முத்திரை வைத்த கடிதம் ஒன்றும் கேட்டிருந்தார்கள்.
பதுர்தீன் பேனையை மூடாமல் கேட்டார்:
“நம்மட எண்டு நாமளே எழுதினா நம்புவாங்களா?”
கடல் வந்த வருசம் காணி உறுதி போய்
நாலு வருசம் கச்சேரிக்கு நடந்த மனிசன்.
பதிவேட்டில் பார்ப்பார்கள் என்றேன்.
“அது எங்க இருக்கு?”
அவுஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில்.
“அப்ப கச்சேரியை விடக் கிட்டத்தான்.”

வியாழன் இரவு ஒரு மணி.
கல்முனை, டைல்ஸ் கடைக்கு மேல்மாடி.
இரண்டு ஏசியில் ஒன்று ஓடுகிறது.
நாலு முகவரி கொண்ட ஒரு துண்டு தந்திருக்கிறார்கள்.
முதலும் கடைசியும் யாருக்கும் ஆகாது.
நடுவில் இரண்டு: அவர்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
நேருக்கு நேர் இரண்டு கதவு,
இடையில் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் கண்ணாடி நூல்.

“ஆக்டிவ் எண்டு வருது!”
மேசையில் தட்டினான் லோகிதன்.
புதுப் பொடியன்.
ஆக்டிவ் என்றால் இன்னும் இல்லை என்று அர்த்தம்,
தட்டுகிறோம், ஒருவரும் திறக்கவில்லை.
என் மச்சான் கட்டார் வேலைக்கு
இரண்டு வருசம் ஆக்டிவாக இருந்தான்.

ஒன்றரை. ஆக்டிவ்.
இரண்டு பத்து. ஆக்டிவ்.
போனில் உதேனி, அந்தப் பக்கத்து எஞ்சினியர்.
அவளுடைய தமிழும் என் சிங்களமும்
பாதிப் பாலத்தில் நின்றுவிட,
கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாய் இங்கிலீசில் வாசிக்கிறோம்.
பூச்சியமா, ஓவா?
ஓ. ஒரேஞ்சுக்கு வருகிற ஓ.
சரி. எல்லாமே சரி.
ஆக்டிவ்.

மூன்று மணிக்குத்தான் கண்டேன்.
மெயிலில் இருந்து ஒட்டியபோது கடைசி எழுத்துக்குப் பின்னால்
ஒரு வெற்றிடமும் ஒட்டியிருக்கிறது.
கண்ணுக்குத் தெரியாது,
ஆனால் அதுவும் ஓர் எழுத்துத்தான் கணக்கில்.
யாருடைய பக்கம் என்று உதேனி கேட்கவில்லை.
என் பக்கம்.
நானும் சொல்லவில்லை.

மூன்று பன்னிரண்டுக்கு எஸ்டாப்ளிஷ்ட்.
இங்கிருந்து போனது ஒரு வழி, அங்கிருந்து வந்தது ஒரு வழி.
தவறிப்போய் நான்
உலகம் முழுக்க என்னுடையது என்று அறிவித்தால்
நம்பாமல் விட அவளிடம் ஒரு பட்டியல் இருக்கிறது,
பத்தைத் தாண்டினால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.
எத்தனையோ பேர் எத்தனையோ தடவை
என்னைச் சந்தேகித்திருக்கிறார்கள்.
இந்த ஒன்றில்தான் எனக்குக் கோபம் வரவில்லை.
நானும் அவளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்.

இனி முப்பது நொடிக்கு ஒருமுறை
அங்கிருந்து ஒரு செய்தி வரும்.
பத்தொன்பது பைட். உள்ளே எதுவும் எழுதியிராது.
தொண்ணூறு நொடி அது வராவிட்டால்
மௌத்து என்று குறித்து வழியை அழித்துவிட வேண்டும்.
வருகிறது.
முப்பது நொடி.
வருகிறது.
லோகிதன் கதிரையிலேயே தூங்கிவிட்டான், வாய் திறந்தபடி.

ஐந்தரைக்கு மருதமுனையில் இருந்து முதல் போன்.
“தம்பி, நெற் ஸ்லோவாக் கிடக்கு.”
பார்க்கிறேன் என்றேன்.