விழா மலருக்கு எழுதித் தந்த வரலாறு

முதல் வருடம் நாகர்கோவில் வடசேரியில்
ஒரு கல்யாண மண்டபம்.
புரொஜக்டர் மார்த்தாண்டத்திலிருந்து
பஸ்ஸில், தாணுலிங்கத்தின் மடியில் வந்தது.
பார்வையாளர் பதினேழு.
அதில் மூவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
ஈரானியப் படத்தில் கழுதை மலையேறும்போது
கரண்டு போனது.
மிச்சக் கதையை
டார்ச் வெளிச்சத்தில் தாணுலிங்கமே சொன்னார்.
அவரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்பது
மூன்றாம் வருடம்தான் தெரிந்தது.

நான்காம் வருடம்
நூற்றிருபது நாற்காலிக்கு
நூற்றிருபத்தெட்டுப் பேர்.
அத்தனை சந்தோஷம், அத்தனை சண்டை.

ஐந்தாவதற்குப் பக்கம் ஒதுக்க வேண்டாம்.
ஒக்கி வந்த டிசம்பர் அது.
வள்ளவிளையிலிருந்து வந்து
திரையைக் கேட்டார்கள்.
படத்துக்கல்ல,
கடலைப் பார்த்தே உட்கார்ந்திருந்த பெண்களுக்கு
வெயில் மறைக்க.

மாசியில் திரும்பி வந்தது.
வலது மூலையில் உப்புக்கறை,
மூன்று முறை அலசியும் போகவில்லை.
புதுத்திரைக்கு நன்கொடை கிடைத்தும்
வியான்னி மாற்ற விடவில்லை.
காரணம் கேட்டால்
பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விடுவான்.

இப்போதும்
பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டுப் படத்தில்
வானம் விரியும்போது
கடைசி வரிசையிலிருந்து
புதிதாய் வந்த யாராவது கத்துவார்கள்,
"லென்ஸைத் தொடைங்கப்பா!"

யாரும் எழுந்திருப்பதில்லை.