பெயரடைகள் நீக்கப்பட்ட மனு

தேசம்மா விழுந்தது பதினொன்றரை மணிக்கு,
சோல் ஒட்டும் வரிசையில், ஓவனுக்கு மூன்றாவது ஆள்.
கையிலிருந்த இடதுகால் ஷூ மட்டும்
விழாமல் பெல்ட்டில் ஏறிப் போய்விட்டது.
கத்திரி பிறந்து ஆறாம் நாள்.
ஆம்பூர் மலைகள்
கவிழ்த்த வாணலிகளாய்க் கிடந்தன.

மனு எழுது என்றார்கள் என்னிடம்.
பன்னிரண்டு முடித்தவள், கையெழுத்து நன்றாயிருக்கும்.
தமிழில் எழுதினால் டிராயருக்குள் தூங்கும்,
இங்கிலீஷில் எழுது,
ஆடிட்டுக்கு வரும் இத்தாலிக்காரர் படிப்பார்.

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு நடைபாதையில்
அறுபது ரூபாய்க்கு வாங்கிய அகராதி.
'ஹாட்' என்று தேடினேன்.
ஒரு சொல் இன்னொரு சொல்லின் வீட்டுக்கு வழி சொன்னது.
ஃபியரி. ஆர்டன்ட். ஃபெர்வென்ட். டோரிட்.
ஆர்டன்ட்டுக்கு வேர் எரிதல் என்று
எறும்பு எழுத்தில் போட்டிருந்தது.
ஃபெர்வென்ட்டுக்குக் கொதித்தல்.
டோரிட்டுக்குக் காய்ந்து வறளுதல்.
அடடா, இது நம் பாலாறு என்று
எடுத்துக்காட்டைப் பார்த்தால்
யாரோ இருவர் முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள்.
ஃபெர்வென்ட்டில் ஒருவன் மண்டியிட்டு ஜெபம்.
ஆர்டன்ட்டில் ஒரு கிரிக்கெட் ரசிகன்.
எரிகிற வீடென்று ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்,
உள்ளே எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

குளிர் ஊர்ச் சொற்கள், நிலோஃபர்,
அடுப்போரம் பிறந்தவை.
அவர்களுக்கு அன்பு கதகதக்கும்.
நமக்குப் பிள்ளை பாஸானால் வயிறு குளிரும்,
எதிர்வீட்டில் ஃபிரிட்ஜ் வந்து இறங்கினால் வயிறு எரியும்.
கோபம் கொதிக்கும். சொல்ல முடியாதது புழுங்கும்.
வட்டிக்காரன் வாசலில் பேசியது
மூன்று நாளைக்குக் காந்தும்.
சூடு என்று கூப்பிட்டால்
சொரணையும் கையைப் பிடித்துக்கொண்டு வரும்.

அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.
"இங்க இருக்கறது வெக்கை. அத எழுதுடி மொதல்ல."

வெக்கைக்குத் தேடினேன்.
வெயில் இறங்கிய பிறகும் ஆஸ்பெஸ்டாஸ் கக்கும் அது,
பசை நாற்றத்தோடு மூக்கில் குடியிருக்கும் அது,
ராத்திரி பேரணாம்பட்டு பஸ்ஸில்
டிக்கெட் எடுக்காமல் கூடவே வரும் அது
ஒற்றைச் சொல்லாய் அங்கே இல்லை.
கிடைத்ததையெல்லாம் போட்டேன்,
ஓட்டைக்குத் துணி அடைப்பதுபோல.
ஸ்கார்ச்சிங் இரண்டு இடத்தில்.

ஹெச்.ஆர். ஞானசிகாமணி ஏசி அறையில் படித்தார்.
"இங்கிலீஷ் நல்லாத்தான்மா இருக்கு.
ஆனா ரொம்ப எமோஷனல்.
ஃபியரின்னா தீ விபத்துன்னு நெனப்பாங்க.
டோரிட்..." சிரித்தார். "அது வேற மேட்டர்."
சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாய் அடித்தார்.
வீட்டுக்கு வந்து திருத்தி எழுதினேன்.
மிச்சம் இருந்தது இவ்வளவுதான்:

ஓவனுக்கும் எங்கள் மேசைக்கும் நான்கடி.
விசிறி ஏழு, ஓடுவது இரண்டு.
சுவர்க் கருவியில் நாற்பத்தாறு.
ஒரு பெண் விழுந்தாள்.
பெல்ட்டை நிறுத்தவில்லை.

மறுநாள் அதை அவர் இரண்டு முறை படித்தார்.
சிரிக்கவில்லை.
ரிமோட்டை எடுத்து ஏசியைக் கூட்டினார்.
அடியில் அவர் கையாலேயே
'வித் வார்ம் ரிகார்ட்ஸ்' என்று சேர்த்தார்.
வழக்கமாம்.

அதை மட்டும் நான் அடிக்கப் போனேன்,
நிலோஃபர் தடுத்தாள்.
"விடுடி. அனுப்பறதுக்கு நம்மகிட்ட
அது ஒண்ணுதான் நெறைய இருக்கு."

நாற்பத்தொரு பேர் கையெழுத்து.
வேர்வைக் கையில் மை இழுத்துக்கொண்டு
மும்தாஜுக்குள் எப்சிபா,
எப்சிபாவுக்குள் குப்பம்மாள்,
எது யார் பெயர் என்று பிரிக்க முடியவில்லை.
தேசம்மாவின் பெயர் மட்டும் கலையாமல்,
காய்ந்து, எழுத்து எழுத்தாய் இருந்தது.
ஆஸ்பத்திரி வார்டில்
ஃபேனுக்கு அடியில் போட்டு அனுப்பியது.