நூற்றெண்பதாம் நாள்

ஐந்து விழுக்காடு கந்தக அமிலத்துக்கு
வாசனை கிடையாது.
கையுறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் மட்டும்
தன் பெயரைச் சொல்லும்.

செவ்வாய்தோறும் மூடியைத் திறக்கிறேன்.
உள்ளங்கைக்குள் அடங்கும் கட்டிகள், முப்பத்தாறு.
ஜல்லி ஒரு துணுக்கும் இல்லை,
மணலே மணலைப் பிடித்துக்கொண்டு இறுகிய கான்கிரீட்.
எந்த ஆற்று மணல்?
ரசீதில் எண் மட்டும் இருக்கிறது.
நானும் இந்த ஆய்வுக்கூடமும் நிற்கிற துவாஸ் மண்ணுக்கு
அந்த எண்ணும் இல்லை.

எடுத்து, தூரிகையால் துலக்கி, துடைத்து, நிறுத்து,
திரும்பவும் அமிலத்துக்கே அனுப்புகிறேன்.
இவற்றின் உடன்பிறப்புகள்
தீவின் கழிவையெல்லாம் சுமந்து
நிலத்தடி இருட்டில் நூறு வருடம் கிடக்கவேண்டும்.
அதற்கு ஆறு மாத ஒத்திகை.

பக்கத்துத் தொட்டியில் சல்ஃபேட்.
அங்கே கட்டிகள் இளைப்பதில்லை, கனக்கும்.
முதல் வருடம் அதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.
உப்பு உள்ளே போய் ஊசி ஊசியாய் முளைக்கும்.
இடம் போதாமல் கட்டி பூரிக்கும்.
பிறகு ஒருநாள் மூலையில்
ஒரு மயிரிழை.

பதினேழாம் கட்டியின் தலையில்
கட்டைவிரல் பதிந்த பள்ளம்.
பிழையென்று ஒதுக்கியிருக்கவேண்டும், ஒதுக்கவில்லை.
ஒன்பதாம் வாரம் தொட்டுப் பார்த்தேன்,
வழவழவென்று இருந்தது.
ரேகையை அமிலம் தின்றுவிட்டது
என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

இன்று நூற்றெண்பதாம் நாள்.
அழுத்தப் பொறியில் வைத்து விசையைத் தட்டினேன்.
எண்பத்தொன்று மெகாபாஸ்கல் வரை
மூச்சுக்கூட விடவில்லை.
பிறகு ஒரே சத்தம்.
மேசையில் தேநீர்க் கோப்பை குலுங்கியது.

அறிக்கைக்காக முதல்நாள் படத்தைத் தேடிப் பெரிதாக்கினேன்.
அமிலம் தொடாத கட்டி, அதே பள்ளம்.
அதில் ஒரு கோடு இல்லை.
ஒரு சுழி இல்லை.

மாலை ஆறரை. வாயிற்கதவில்
எனக்கு முன்னால் வார்ப்புக்கூடத்து ரொகீபுல்.
கண்ணாடியில் கட்டைவிரல் வைக்கிறான்.
சிவப்பு.
கால்சட்டையில் தேய்த்து வைக்கிறான்.
சிவப்பு.
பதினொரு வருடச் சிமெண்டை
அந்தக் கருவியால் படிக்கமுடியவில்லை.
"தினமும் இப்படித்தான் அக்கா" என்று சிரிக்கிறான்.
காவலர் திருமதி ஓங் தலை நிமிராமலே
சாவியைத் தேடுகிறார்.

நாளை குறிப்பேட்டில்
ஒன்பதாம் வாரத்தை அடிக்கவேண்டும்.