நூறு அங்குலம்

பத்திரத்தில் இருப்பது இவ்வளவுதான்:
நூறு அங்குலம் நீர், சேஜ்ஹென் வாய்க்காலில்,
ஓடை ஓடும் காலம் வரை.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று.
எந்த மாநிலத்து அங்குலம் என்று
எழுதியவன் எழுதவில்லை.

நீரையும் அங்குலத்தில்தான் அளந்தார்கள்
இங்கே தங்கம் அரிக்க வந்தவர்கள்.
பலகையில் சதுரமாக ஒரு துளை,
துளைக்கு மேலே தேங்கி நிற்கும் நீர்.
ஐடஹோவில் நாலு அங்குலம் தேங்கினால் போதும்,
ஒரிகனில் ஆறு.
மேலே கனம் ஏறினால்
துளைக்குள் நீருக்கு அவசரம் ஏறும்.
அதனால் இந்தப் பக்கம் ஐம்பது அங்குலம் சேர்ந்தால்தான்
வினாடிக்கு ஒரு கன அடி.
அந்தப் பக்கம் நாற்பதே போதும்.

வாய்க்கால் வேலிக்கு அடியில் நுழைந்து
அந்தப் பக்கம் போகிறது.
என் சம்பளம் அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

மேலே ஓர்லன் டட்டில்: "நூறு என்றால் இரண்டு கன அடி."
கீழே தோமாசா ஈத்துரி: "இரண்டரை."
இருவர் வகுத்ததும் சரி.
மதகின் சாவி என் வண்டியில்,
கண்ணாடிக்கு அருகே ஆடிக்கொண்டிருக்கிறது.

"அரை கன அடிக்கா இத்தனை சண்டை?"
ஓர்லன் சொல்லும்போது
அது ஒரு வாய்க் காபி.
தோமாசா அதையே நிமிடத்துக்கு
இருநூற்று இருபத்துநாலு கேலன் என்பாள்,
ஒவ்வொரு கேலனையும் கையில் தூக்கிப் பார்த்தவள் மாதிரி.
கருவிப் பெட்டியோடு வந்த பல்கலைக்கழகப் பையன்
வினாடிக்குப் பதினாலு லிட்டர் என்றான்.
அவனுக்கு யாரும் காபிகூடக் கொடுக்கவில்லை.

அன்று இரவு ரசீதின் பின்பக்கம் பெருக்கினேன்.
அறுபது, அறுபது, இருபத்துநாலு.
அந்த அரை, ஒரு பகலும் இரவும் ஓடினால்
ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும்.
காலையில் போய்ச் சொன்னேன்.
ஓர்லன் தன் குதிரைமசாலைத் திரும்பிப் பார்த்தார்.
தோமாசா தன் முழங்காலுக்குக் கீழே பார்த்தாள்.
ஏக்கர் இருவருக்கும் தெரிந்த மொழி.
ஆனாலும் வக்கீல்களுக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

ஜூலை பத்து, மூன்று.
ஜூலை முப்பது, ஒன்று.
ஆகஸ்ட் ஒன்பது, புள்ளி நாலு.

நோட்டில் அந்த வரியை இரண்டு முறை கோடிட்டேன்.
அன்று ஓடை
அவர்கள் சண்டையைவிடச் சிறியது.

அதற்குப் பிறகு அளவுகோலின் காலில் சேறு மட்டும்.
புள்ளி, சுழியம், நாலு, ஐந்து என்று எழுதக் கை கூசியது.
கேலனுக்கு மாறினேன். இருபது.
எழுதியதும் எதுவோ நிறைந்த மாதிரி இருந்தது.
பேனாவை மூடும்போது புரிந்தது:
தோமாசாவைப் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாது.

இப்போது அளப்பது ஐந்து கேலன் பெயிண்ட் வாளியில்,
விளிம்பில் இன்னும் கொட்டகைச் சிவப்பு.
வேலிக்கடியில் தகரத்தை வளைத்து வைத்தால்
எல்லாம் ஒரு மூக்கில் விழும்.
வாளியைப் பிடிக்க ஓர்லன் வந்தார். கூப்பிடவில்லை.
கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று
தோமாசா பாஸ்கு மொழியில் வினாடி எண்ணினாள்,
பாத், பி, ஹிரு,
என் கடிகாரத்தை நம்பாமல்.
பதினைந்தில் வழிந்தது.
யாரும் வகுக்கவில்லை.
ஓர்லனின் நாய் வாளிக்குள் தலையை விட்டுக் குடித்தது.
அது குடித்து முடிக்கும் வரை
மூன்று பேரும் நின்றோம்.

செப்டம்பரில் நீதிபதி,
இரண்டு மாநிலத்துச் சட்டப் புத்தகங்களும் மேசையில் திறந்திருக்க,
என்னைக் கேட்டார்:
வாய்க்காலில் இன்றைக்கு எவ்வளவு?

முப்பத்தொரு வினாடி என்றேன்.

பின்வரிசையில் தோமாசா தலையசைத்தாள்.
நடுவில் ஒரு நாற்காலி விட்டு, ஓர்லனும்.