ஏலத்துக்கு வந்த புடலங்காய்

தொண்டியில் எதை நட்டாலும்
முதலில் முளைப்பது உப்பு.

மீன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதுகிறவள் நான்.
நகரை, காரல், ஊளி, சீலா என்று
விடியுமுன்பே பேனா ஓடத் தொடங்கிவிடும்.
வீட்டுச் சுவரோரம் ஐந்து கத்தரி வைத்தேன்.
ஆறாம் நாள் இலை ஓரமெல்லாம்
பீடியால் சுட்ட மாதிரி கருகல்.
அடிபம்புத் தண்ணீர் அப்படி.
நல்ல தண்ணீர் குடம் பதினைந்து ரூபாய்.
அதைக் கத்தரிக்கு ஊற்றிவிட்டு
வீட்டில் கணக்குச் சொல்ல முடியாது,
கணக்கெழுதுகிறவளாலேயே.

எனக்கு மட்டும்தான் கை ராசியில்லை என்றிருந்தேன்.
வலை பொத்தும் ஜகர்பானுவின் மாடியில்
தக்காளி மூன்று தடவை செத்திருக்கிறது.
ஐஸ் கம்பெனி கூரிமுத்து
கடையில் வாங்கிய மல்லிகைச் சரத்தை
நம்ம செடியில் பூத்தது என்று
மனைவியிடம் பொய் சொல்லியிருக்கிறார்.
இதெல்லாம் ஒரு மழை நாளில்,
படகு போகாத நாளில்,
டீ ஆறுவதற்குள் வெளியே வந்தது.

கூடத்துக்குப் பின்னால் கருவேலமுள் மண்டிய இடம்.
சங்கத்தில் கேட்டோம். பாம்பு வரும் என்றார்கள்.
இப்ப அங்கதானே குடியிருக்கு என்றாள் பானு.
கையெழுத்துக் கிடைத்தது.

நெத்திலி வந்த தெர்மாகோல் பெட்டிகள், அடியில் ஓட்டை.
கரை ஒதுங்கிய பாசியை
இரண்டு மழையில் உப்புப் போக நனையவிட்டு மக்க வைத்தோம்.
திருவாடானைக் கண்மாய்க் கரம்பையை
லோடு ஆட்டோ நாகூர்கனி ஒரு நடை சும்மா அடித்தார்,
இரண்டாம் நடைக்கு டீசல் கேட்டார், நியாயம்தான்.
பள்ளிவாசல் கிணறு மட்டும் ஏனோ இனிப்பு.
ஒளுச் செய்து சாக்கடைக்குப் போன நீர்
ஒரு குழாய்க்குள் வளைந்து
எங்கள் பக்கம் திரும்பியது.
கிழிந்த வலைதான் பந்தல்.
வலையில் மாட்டாமல்
வலைமேல் ஏறிப் பிழைத்தது
எங்கள் புடலை.

காய் சுருளாமல் நீள
நுனியில் கல் கட்டுவார்கள்.
நாங்கள் கட்டியது வலையின் ஈயக்குண்டு.

ஏலம் முடிந்து, விரலில் செதிலோடு உள்ளே போவேன்.
கொத்தமல்லியை ஒரு தட்டுத் தட்டினால்
மீன் வாடை ஒரு நிமிடம் விலகி நிற்கும்.
ஒரு நிமிடம்தான்.
அதற்காகத்தான் இவ்வளவும்.

முதல் காய் யாருக்கு என்று சண்டை வந்தது.
ஏலக்கார அல்போன்ஸ் அதைத் தூக்கிப் போய்
ஈரத் தரையில், ஒரு மாவுலாவுக்குப் பக்கத்தில் கிடத்தினார்.
"செவுளைப் பாருங்க, ரத்தச் சிவப்பு!
ஐம்பது... அறுபது... கேளுங்க, கேளுங்க..."
சிரிப்பில் தொடங்கியது
இருநூறைத் தாண்டியதும் ரோஷமானது.
தேவகோட்டை வியாபாரி முந்நூற்றுப் பத்து என்றார்.
ஊர்க்காய் வெளியூர் போவதா?
கருவாட்டு ரூபி நானூற்று இருபதில் அடித்தாள்.
மறுநாள் கூனி போட்டு வதக்கி
ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்தாள்.
ஆளுக்கொரு கரண்டி, மாவுலா விற்றவனுக்கும்.
பணம் தண்ணீர் டிரம் ஆனது.

பேரேட்டில் எழுதியிருக்கிறேன்:
சீலா, நண்டு, புடலை ஒன்று.
தணிக்கைக்கு வந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு
இது எந்தக் கடல்ல பிடிச்சது என்றார்.

இப்போது பதினேழு பேர்.
சந்தா கிடையாது.
வெள்ளி ஜும்மா முடிந்து சிலர், ஞாயிறு பூசை முடிந்து சிலர்,
சாமி கும்பிடாத ஒருத்தர் தினமும்.
செடி வைக்கத் தெரியாதென்றால்
ஆடு விரட்டலாம், அதற்குத்தான் ஆள் போதவில்லை.
கச்சான் வீசும் நாளில்
பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு
சும்மா நிற்கலாம், அதுவும் வேலைதான்.
முருங்கைக் கொம்பு கேட்டால் தருவோம்,
வீட்டில் பட்டுப்போனால் திரும்பக் கேட்கலாம்,
இங்கே எல்லோரும் எதையாவது சாகவிட்டவர்கள்.

வாசலுக்குப் பூட்டில்லை.
நைலான் கயிறு ஒன்று உண்டு.
அவிழ்த்தால்
திரும்பக் கட்டிவிடுங்கள்,
ஆடு பார்த்துக்கொண்டே இருக்கிறது.