இருபத்தேழாம் வரிசை

ஞாயிறு இரவு அந்த விமானத்தை
இருபத்தொரு நிமிடத்தில் சுத்தம் செய்தோம்,
நானும் பிலோமினாவும் இன்னும் ஆறு பேரும்.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
இருக்கை இடுக்கில் பிஸ்கட் தூள்.
வாந்திப்பையின் முதுகில் யாரோ போட்ட கணக்கு:
வாடகை, பள்ளிக் கட்டணம், போக மீதி நாற்பது வெள்ளி.
இருபத்தேழாம் வரிசையில் ஒரு குழந்தைக் காலுறை,
மஞ்சள்.

திங்கள் விடிந்தபோது
அதன் எண்ணுக்கு எதிரே திரையில் எதுவுமில்லை.

புதன்கிழமைக்குள் பிடோக் முழுக்க விமானிகள்.
கோப்பிக்கடை ஆ செங்
கரண்டியைச் சாய்த்துக் காட்டுகிறார்,
இறக்கை எப்படி மடிந்திருக்கும் என்று.
மீன் விற்பவர் அடித்துச் சொல்கிறார்:
ஏதோ தீவில் இறக்கிவிட்டார்கள்,
எல்லோரும் உயிரோடு, இளநீர் குடித்துக்கொண்டு.
டாக்சிக்காரருக்கு
விமானியின் மனைவியைப் பற்றித் தெரியும்,
அவளுக்கே தெரியாததெல்லாம்.
பலதுறைக் கல்லூரிப் பையன் ஒருவன்
காகிதத்தில் வட்டம் போடுகிறான்.
ஆறு மணி நேர எரிபொருள் என்றால் இவ்வளவு பெரிது.
வட்டத்தின் நடுவே
ஒரு பெருங்கடலும் கொஞ்சம் சம்பலும்.

நாலு நம்பர் கடையில்
சாலை திரும்பும்வரை வரிசை.
விமான எண்ணுக்கு முன்னால் ஒரு சுழியம் வைத்தால்
நான்கு இலக்கம் கச்சிதமாக வருகிறதாம்.
நண்பகலுக்குள் அந்த எண் விற்றுத் தீர்ந்தது.
நின்றவர்கள் கெட்டவர்கள் இல்லை.
எனக்கு முன்னால் ஓர் அம்மா
ஜெபமாலை உருட்டியபடியே பத்து வெள்ளியை நீட்டினார்.
ஆம், எனக்கு முன்னால்.

என்னிடமும் கேட்டார்கள்,
லிஃப்டில், குப்பைக்குழியருகே, அஞ்சல்பெட்டி வரிசையில்.
உள்ளே போனவளாயிற்றே, ஒன்றும் தோன்றவில்லையா?
இல்லை என்றேன்.
இல்லை என்றதும் முகங்கள் அணைந்துபோகின்றன.
ஒன்பதாவது தடவை,
ஈரத்துணியும் மூங்கில் கழியுமாக நின்ற தவமணியிடம்
சொல்லிவிட்டேன்:
பின்பக்கம் ஒரு வாடை இருந்தது.

இருந்ததுதான்.
நான் ஊற்றிய எலுமிச்சை மருந்தின் வாடை.

வெள்ளி இரவு வேலைக்குப் போகும்போது
இருபத்துநான்காம் எண் பேருந்தில்
அது என்னிடமே திரும்பி வந்தது,
முன்பின் அறியாத ஒருவர் வாயில்,
வளர்ந்து, மீசை முளைத்து.
துப்புரவுக்காரி ஒருத்தி பார்த்தாளாம்,
சரக்குப்பெட்டி கசிந்ததாம்,
வெளியே சொன்னாள் என்று வேலையைவிட்டே தூக்கிவிட்டார்களாம்.
பாவம் என்றார் அவர்.
பாவம் என்றேன் நானும்.
பணி அட்டையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன்.

எங்கள் புளோக்கில் நான்காம் மாடி ரோஸ்லான்.
அவர் மகள் அஸ்வானி அதில் போனாள்.
லிஃப்ட் நான்கில் நிற்கும்போது
எல்லோரும் தரையைப் பார்க்கிறோம்.
ஐந்தைத் தொடுவதற்குள்
மறுபடி கடலின் ஆழம் பேசுகிறோம்.

நேற்று அவர் என் கதவைத் தட்டினார்.
வாடை அவரையும் எட்டிவிட்டது என்று
நாக்கு ஒட்டிக்கொண்டது.
அவர் கேட்டது வேறு.
அவளுக்கு முழங்கால் வலி.
அந்த விமானத்தில் காலை நீட்ட இடம் இருக்குமா?

இதற்கு எனக்கு விடை தெரியும்.
முன் இருக்கைவரை முப்பத்தொரு அங்குலம்,
தினமும் குனிந்து அளக்கும் முதுகு இது.
நடைபாதை ஓரம் என்றால் நீட்டலாம் என்றேன்.
"ஓரம்தான். கேட்டு வாங்கினாள்" என்றார்.
இன்னும் ஏதோ கேட்கப்போகிறவர்போல் நின்றார்.
பிறகு படியிலேயே இறங்கிப் போனார், வெறுங்காலோடு.

தவமணியிடம் இன்னும் மாற்றிச் சொல்லவில்லை.
சொன்னாலும்
எந்தப் பேருந்தில் ஏறி அதைப் பிடிப்பது?

அந்த மஞ்சள் காலுறை
அதற்கு முந்தைய பயணத்தில் வந்த குழந்தையுடையது.
பையிலிட்டு எண் எழுதிக் கொடுத்தேன். யாரும் தேடி வரவில்லை.
அந்தக் குழந்தை பத்திரமாக இறங்கிவிட்டது,
ஒரு கால் மட்டும் சில்லிட
இந்நேரம் ஏதோ வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.
இதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்,
யார் கேட்டாலும்.