நானூறு பீப்பாய்

காலை ஆறரைக்கு மேடையிலிருந்து வரும் அறிக்கையில்
பதினேழாம் கிணற்றுக்கு நேராக
நீர்: மூன்று சதவீதம்.
நேற்று இரண்டு.
அதற்கு முன்பு பூஜ்யம்கூட எழுதாமல்
ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார் ஹசாரிகா.
கோட்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
நான் செம்பூரில் இரண்டு இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன்.

கடலுக்கும் கீழே சுண்ணாம்புப் பாறை.
அதன் பொடித்துளைகளில் மேலாக எண்ணெய்,
அடியில் பழைய உப்புநீர்.
மட்டமாகத்தான் கிடந்தது,
தாம்பாளத்தில் ஊற்றிவைத்ததுபோல.
உறிஞ்சத் தொடங்கியதும்
உறிஞ்சும் இடத்துக்கு நேர் கீழே மட்டும்
லேசாகப் புடைக்கிறது,
கூராகிறது.
எண்ணெயைவிட நீருக்குக் கால் லேசு.
ஒருமுறை துளையைத் தொட்டுவிட்டால்
வழி தெரிந்துவிடும் அதற்கு.

எவ்வளவு இழுத்தால் எழும் என்று சொல்லச்
சூத்திரங்கள் இருக்கின்றன.
ஒன்று நாளொன்றுக்கு நானூறு பீப்பாய் என்கிறது,
இன்னொன்று நூற்றெண்பது.
இரண்டும் தொடங்குவது ஒரே வரியில்:
பாறை எங்கும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொள்க.
வைத்துக்கொண்டேன்.
செங்குத்தாக அது எவ்வளவு வழிவிடும் என்ற கட்டத்தில்
பக்கவாட்டில் விடுவதில் பத்தில் ஒன்று என்று போட்டேன்,
எல்லோரும் அப்படிப் போடுவதால்.
நடுவில் ஒரு களிப்படலம் குறுக்கே கிடந்தால்
பிழைத்தோம்.
கிடக்கிறதா?
பாறையை வெட்டியெடுத்துப் பார்த்தது
பதினொன்றாம் கிணற்றில்.

பாந்த்ராவில், ஏழாவது மாடியில்,
தேவ்தர் கேட்டது தொள்ளாயிரம்.
காலாண்டு முடியப் பத்தொன்பது நாள்.
பக்கத்துக் கிணறு ஆயிரத்து இருநூறு தருகிறதே,
இதற்கு என்ன கேடு?
ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று
நுனிநாக்குவரை வந்தது.
அதை இந்தியில் எப்படிச் சொல்வதென்று யோசிப்பதற்குள்
திரையில் அடுத்த படம்.

என் கையும் சுத்தமில்லை.
நானூறை மட்டும் காட்டினேன்.
நூற்றெண்பதை வேறொரு கோப்பில் வைத்திருந்தேன்,
சிரிப்பார்கள் என்று.
அறுநூறில் படிந்தது,
சசூன் துறையில் மீன் விலை படிவதுபோல.

ஒன்பது.
இருபத்திரண்டு.
நாற்பத்தொன்று.

ஹசாரிகா தொலைபேசியில் கூப்பிட்டார், பின்னால் ஒரே காற்று.
மேடம், சுற்றியெடுத்த குழாயில் பாதி கண்ணாடி மாதிரி தெளிவா நிக்குது.
வால்வை இறுக்குங்கள் என்றேன், இருநூறுக்கு.
இறுக்கினா எறங்குமா?
இறங்கும்.
முழுசா இறங்காது. வந்த வழி ஈரமாவே இருக்கும்.
சற்று நேரம் காற்று மட்டும் பேசியது.

அந்த ஞாயிறு எங்கள் கட்டடத்தில்
போர்வெல் தண்ணீர் கரித்தது.
மாநகராட்சிக் குழாய் நாலு நாளாக வரவில்லை,
செயலாளர் மாத்ரே மோட்டாரைப் பகலெல்லாம் ஓடவிட்டிருந்தார்.
மாகுல் கழி அரை மைலில்.
அறிவிப்புத் தாளின் முதுகில் ஒரு கூம்பு வரைந்து காட்டினேன்.
காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்,
அதற்கு மேல் வேண்டாம்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மாடித்தொட்டி ரொம்பாதே என்றார்.
ரொம்பாது என்றேன்.

இன்று காலை பதினேழில் முப்பத்தெட்டு.
நாளைக்கும் முப்பத்தெட்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.
கீழே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது,
மணி ஒன்பதரை, சொன்ன நேரம் தாண்டிவிட்டது.
நிறுத்தச் சொல்லி எழுந்தவள்
குழாயடியில் நின்று
இரண்டாவது வாளியையும் வைத்தேன்.